முதலில் ஆணியைப் பாருங்கள்: அமெரிக்கக் கவிதைக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு

ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் எனக்குக் கிடைத்த நோட்ஸில் ஒவ்வொரு கவிதைக்கும் கீழே ஒரு வரி இருக்கும். கருப்பொருள்: காதல். கருப்பொருள்: துயரம். கருப்பொருள்: இனப் பாகுபாடு. அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கினேன். கவிதை ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பரீட்சை பயம் இல்லாத நிம்மதியில் அதே கவிதைகளைத் திரும்ப எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மூன்றும் பல கவிதைகளில் ஒரே வரிக்குள் இருக்கின்றன என்று. ஒரு பெண்ணின் காதல் ஏன் அழுகையாக மாறியது என்று கேட்டால், பதில் அவள் காதலனின் தோல் நிறத்தில் இருக்கிறது. ஒரு அப்பாவின் அன்பு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், பதில் அவருடைய வெடித்த கைகளில் இருக்கிறது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆங்கிலமும் பக்கத்தில் ஒரு அகராதியும் போதும். புத்தகம் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பொயட்ரி ஃபவுண்டேஷன், அகாடமி ஆஃப் அமெரிக்கன் பொயட்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகளின் தளங்களில் கீழே சொல்லப்போகிற கவிதைகளில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கும். சிலவற்றைக் கவிஞர்களே படித்த ஒலிப்பதிவும் உண்டு.

பன்னிரண்டு வரியில் தொடங்குங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் வால்ட் விட்மனின் நீண்ட கவிதையில் தொடங்கி மூச்சு முட்டி விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால் கறுப்பினக் கவிஞர் கவுன்டே கல்லனின் ‘இன்சிடென்ட்’ கவிதையில் தொடங்குங்கள். 1925-ல் ‘கலர்’ என்ற தொகுப்பில் வந்தது. பன்னிரண்டே வரிகள்.

ஒரு கறுப்பினச் சிறுவன் பால்டிமோர் நகரத்துக்குப் போகிறான். எட்டு வயது. மனசு நிறைய, தலை நிறைய சந்தோஷம். வண்டியில் போகும்போது இன்னொரு பையன் அவனையே உற்றுப் பார்க்கிறான். அந்தப் பையனும் இவனைவிடப் பெரியவன் இல்லை. இவன் சிரிக்கிறான். அவன் நாக்கைத் துருத்தி, கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அப்புறம் கடைசி நான்கு வரி: மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை பால்டிமோர் முழுவதையும் பார்த்தேன், அங்கே நடந்த எல்லாவற்றிலும் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அவ்வளவுதான் கதை. இப்போது வாய்விட்டு மூன்று தடவை படியுங்கள். கண்ணால் படித்தால் இந்தக் கவிதையில் பாதி போய்விடும். முதல் தடவையிலேயே குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு தாளம் காதில் விழும். இரண்டாவது தடவை, நடுப் பத்தியின் எதுகையைக் கவனியுங்கள். ‘பிக்கர்’ என்று ஒரு வரி முடிகிறது, பெரியவன் என்ற பொருளில். அதற்கு எதுகையாக எந்தச் சொல் வரப்போகிறது என்று ஆங்கிலக் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வசைச்சொல் இரண்டு வரிக்கு முன்பிருந்தே காத்துக்கொண்டிருக்கிறது. சிறுவன் சிரிப்பது அந்த இடைவெளியில்தான். மூன்றாவது தடவை, எது இல்லை என்று பாருங்கள். அழுகை இல்லை, கோபம் இல்லை, வலித்தது என்ற சொல்லே இல்லை. எட்டு மாதம் ஒரு ஊரில் இருந்த பிள்ளைக்குத் துறைமுகம் நினைவில்லை, கடைத்தெரு நினைவில்லை. துயரம் என்ற சொல்லை எழுதாமலே அதை எழுதும் விதம் இது.

யார் சொன்னது, யாரிடம் சொன்னது

இந்தக் கேள்வி தமிழ் வாசகருக்குக் கைவந்த ஒன்று. அகப்பாடல்களின் கீழே ‘தலைவி தோழிக்குச் சொன்னது’, ‘தோழி தலைவனுக்குச் சொன்னது’ என்று கூற்றுக் குறிப்பு இருக்குமே, அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டு வாருங்கள். கவிஞர் வேறு, கவிதையில் பேசுகிற ஆள் வேறு. அமெரிக்கக் கவிதை ‘நான்’ என்று ஆரம்பித்ததும் அது கவிஞரின் வாழ்க்கை வரலாறு என்று நம்பிவிடுகிறோம். பல சமயம் அது தவறு.

லாங்ஸ்டன் ஹியூஸ் 1922-ல் வெளியிட்ட ‘மதர் டு சன்’ கவிதையில் பேசுவது ஒரு அம்மா. கேட்பது மகன். மகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது அம்மாவின் பேச்சிலிருந்தே தெரிகிறது. திரும்பிப் போகாதே, படியில் உட்காராதே, இப்போது விழுந்துவிடாதே என்கிறாள். அப்படியானால் அவன் உட்கார நினைத்திருக்கிறான், களைத்திருக்கிறான். ஒரு அம்மா இப்படிப் பேச ஆரம்பிக்கிற வேளை எது என்று நமக்குத் தெரியும். கவிதையின் முதல் சொல்லே ‘வெல்’. ‘சரி மகனே, சொல்கிறேன் கேள்’ என்கிற மாதிரி. அதற்கு முன்னால் அவன் ஏதோ கேட்டிருக்கிறான், அல்லது ஏதோ புலம்பியிருக்கிறான். கவிஞர் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்.

கருப்பொருளைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். கவிதையைப் படித்ததும் ‘இது எதைப் பற்றியது’ என்று கேட்காதீர்கள். ‘இதில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன’ என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

அந்த அம்மாவின் பேச்சில் என்ன இருக்கிறது? ஒரு படிக்கட்டு. என் வாழ்க்கை ஸ்படிகப் படிக்கட்டாக இருந்ததில்லை என்கிறாள். அதில் சின்ன ஆணிகள் இருந்தன, சிலாம்பு இருந்தது, பலகை பெயர்ந்த இடங்கள் இருந்தன, தரையில் கம்பளம் இல்லாத இடங்கள் இருந்தன. அடுத்த வரியில் ஒரே ஒரு சொல்: ‘பேர்’. வெறும் தரை. அந்த வரியும் அந்தத் தரை மாதிரியே வெறுமையாக இருக்கிறது.

அந்த ஆணிகளிடம் கொஞ்சம் நில்லுங்கள். ஹியூஸ் எழுதியிருப்பது ‘டாக்ஸ்’ என்று. கம்பளத்தைப் பலகையோடு அடித்து நிறுத்துகிற தலை தட்டையான குட்டி ஆணி. கம்பளம் இல்லை, ஆணி மட்டும் மிஞ்சி நிற்கிறது என்று நான் படிக்கிறேன். முன்பு அங்கே யாரோ வசதியாக நடந்திருக்கிறார்கள். இவள் ஏறும்போது மிச்சமிருப்பது காலில் குத்துகிற பகுதி. வறுமை, இனப் பாகுபாடு என்ற பெரிய சொற்கள் ஒன்றும் கவிதையில் கிடையாது. ஆணி இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு மற்றது தானாக வரும். பெரிய சொல்லிலிருந்து தொடங்கியவருக்கு ஆணி கடைசிவரை கண்ணில் படாது. என் நோட்ஸில் ஆணி இல்லவே இல்லை.

இன்னொரு விஷயம். அந்த அம்மாவின் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. ‘எய்ன்ட்’ என்பாள், ஒருமை பன்மை மாற்றிப் போடுவாள். அதைத் தப்பான ஆங்கிலம் என்று நினைக்க வேண்டாம். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களின் வீட்டுப் பேச்சு அது, அதற்குச் சொந்தமான இலக்கணத்தோடு. கரிசல் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் கதைகளில் படித்து ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வருஷத்தைப் பாருங்கள்

கவிதைக்கு வெளியே எதுவும் தெரிய வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கவிதைகளுக்கு அது சரிப்படாது. அதற்காக வரலாற்றுப் புத்தகம் முழுக்கப் படிக்கவும் வேண்டாம். சில வருஷங்களை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1619, வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்கள் பிடித்துக் கொண்டுவரப்பட்டது. 1850, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன சட்டம். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர், முடிவில் அடிமைமுறை ஒழிப்பு. 1896, இனம் பிரித்து வைப்பது சட்டப்படி சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1954, பள்ளிகளில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1964, குடிமை உரிமைச் சட்டம். சுமார் 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட் என்று கிளம்பிப் போனார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கவிஞர்களும் சிகாகோ கவிஞர்களும் அந்த இடப்பெயர்ச்சியின் பிள்ளைகள்.

இந்த அட்டையை வைத்துக்கொண்டு ஹியூஸின் ‘சாங் ஃபார் எ டார்க் கேர்ள்’ கவிதையை எடுங்கள். 1927-ல் புத்தகமாக வந்தது. இதுவும் பன்னிரண்டு வரிதான். காதல், துயரம், இனம் மூன்றையும் ஒரே கவிதையில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் கொடுப்பேன். ராத்திரி தூங்கப் போகும்போது படிக்க வேண்டாம்.

மூன்று பத்தி. ஒவ்வொன்றும் ‘தெற்கே, டிக்ஸி நாட்டிலே’ என்ற அதே வரியோடு ஆரம்பிக்கிறது. இரண்டாவது வரி ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. முதல் பத்தியில், என் நெஞ்சை உடைக்கிறது என்பது போன்ற ஒரு முனகல், அப்புறம் என் கறுப்பு இளங்காதலனை நாற்சந்தி மரத்தில் தூக்கில் போட்டார்கள் என்ற செய்தி. இரண்டாவது பத்தியில், காயம்பட்ட உடல் உயரத்தில் தொங்குகிறது. வெள்ளைக்கார ஏசுவிடம் பிரார்த்தனையால் என்ன பயன் என்று கேட்டேன் என்கிறாள். மூன்றாவதில் செய்தி எதுவும் இல்லை. காதல் என்பது முறுக்கேறிய மொட்டை மரத்தில் ஒரு நிர்வாண நிழல், அவ்வளவுதான்.

இப்போது வரலாறு. லின்ச்சிங் என்றால் கும்பல் சேர்ந்து, விசாரணை எதுவும் இல்லாமல் ஒருவரைக் கொல்வது. உள்நாட்டுப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் தெற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் இப்படிக் கொல்லப்பட்டார்கள். ‘டிக்ஸி’ என்பது தெற்குப் பகுதியின் செல்லப் பெயர், கூடவே ஒரு பிரபலமான பாட்டின் பெயர். 1859-ல், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளையர் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து வந்த உற்சாகமான பாட்டு. போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்குப் படைகள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன. ஹியூஸ் அந்தக் கும்மாளப் பாட்டின் வரியை எடுத்து இந்தப் பெண்ணின் வாயில் வைக்கிறார். அவள் ஒப்பாரி வைப்பதற்குக் கிடைத்த மெட்டு, கொன்றவர்களின் மெட்டு. அடைப்புக்குறிக்குள் வரும் வரிகளைக் குரலைத் தாழ்த்திப் படித்துப் பாருங்கள், இரண்டு குரல் கேட்கும். நாற்சந்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே சிலுவை என்ற சொல்லும் இருக்கிறது. அடுத்த பத்தியில் ஏசு வருவது அந்த வழியாகத்தான்.

இந்தக் கவிதையை ‘இனக் கவிதை’ என்று எடுத்துவைத்தால் அந்தப் பெண் காணாமல் போகிறாள். ‘காதல் கவிதை’ என்று எடுத்துவைத்தால் மரம் காணாமல் போகிறது.

வடிவம் ஏன் அப்படி இருக்கிறது

யாப்பு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரிகளை எண்ணுங்கள், வரி எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

பதினான்கு வரி இருந்தால் சானெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகக் காதலைச் சொல்லப் பழகிய வடிவம் அது. ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த க்ளாட் மெக்கே, 1919-ல் ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் சிகாகோ, வாஷிங்டன் உள்ளிட்ட பல ஊர்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினக் குடியிருப்புகளைத் தாக்கின. அந்த ஜூலையில் அவர் எழுதி வெளிவந்த ‘இஃப் வி மஸ்ட் டை’ ஒரு சானெட். சாக வேண்டுமென்றால் பன்றிகளைப் போலச் சாக வேண்டாம், திருப்பி அடித்துக்கொண்டே சாவோம் என்கிறது. நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. கூட வேலை பார்த்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்டியதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். காதலியை வர்ணிக்கப் பழகிய பாத்திரத்தில் இப்படி ஒன்றை அவர் ஏன் ஊற்றினார் என்று யோசித்துக்கொண்டே, 1921-ல் வந்த அவருடைய ‘அமெரிக்கா’ கவிதைக்குப் போங்கள். அதுவும் சானெட். அந்த நாடு எனக்குக் கசப்பின் ரொட்டியைத் தருகிறது, என் தொண்டையில் புலிப்பல்லை இறக்குகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், என் இளமையைச் சோதிக்கும் இந்தப் பண்பட்ட நரகத்தை நான் நேசிக்கிறேன் என்கிறார். இப்போது அது ஏன் காதல் கவிதையின் வடிவத்தில் இருக்கிறது என்று புரியும். நாட்டை அவர் ‘அவள்’ என்றே சொல்கிறார்; ஊட்டுகிற கையும் கடிக்கிற வாயும் ஒருத்திக்கே சொந்தம்.

க்வெண்டலின் ப்ரூக்ஸின் ‘வி ரியல் கூல்’ இதற்கு நேர் எதிர்க்கோடி. சிகாகோவில் பள்ளி நேரத்தில் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, இவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்து எழுதியது. மொத்தம் 24 சொற்கள். எட்டு வாக்கியமும் ‘வி’ என்று, அதாவது ‘நாங்க’ என்று தொடங்குகின்றன. ஆனால் முதல் ‘வி’ தவிர மற்ற எல்லாம் முந்தைய வரியின் கடைசியில் தொங்குகின்றன. அந்தச் சொல்லை அழுத்தாமல் மெதுவாகப் படிக்க வேண்டும் என்று ப்ரூக்ஸ் சொன்னார். அவர் படித்த ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு தயக்கம். கடைசி வரி ‘சீக்கிரம் சாகிறோம்’ என்று வருகிறது. அதன் முடிவில் மட்டும் ‘வி’ இல்லை. ‘நாங்க’ இருக்க வேண்டிய இடம் காலி.

(ப்ரூக்ஸ் 1950-ல் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்தான்.)

ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வடிவத்தையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரி, அதே வரி இன்னொரு தடவை, பிறகு பதில் வரி. ஹியூஸின் ‘தி வியரி ப்ளூஸ்’ படிப்பதற்கு முன் ஏதாவது ஒரு பழைய ப்ளூஸ் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு மேஜையைப் பின்தொடர்ந்து போவது

கவிஞர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். அது தெரிந்தபின் படிப்பதில் ருசி கூடிவிடுகிறது. ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன்.

வால்ட் விட்மன் 1855-ல் தன் சொந்தச் செலவில் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ தொகுப்பை வெளியிட்டார். (பாரதி உரைநடையில் மெச்சி எழுதிய அதே விட்மன். ந. பிச்சமூர்த்திக்குப் புதுக்கவிதை எழுதத் தூண்டுதல் தந்ததும் இந்தத் தொகுப்புதான்.) அதன் முதல் நீண்ட கவிதைக்குப் பிற்காலத்தில் ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ என்று பெயர் வைத்தார். அதன் பத்தாம் பகுதியில் தப்பியோடி வந்த அடிமை ஒருவர் வருகிறார். விறகுக் குவியலில் சுள்ளி நொறுங்கும் சத்தம் கேட்கிறது. கவிதையின் ‘நான்’ வெளியே போய் அவரை உள்ளே அழைத்து வருகிறான், தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறான், கழுத்திலும் கணுக்காலிலும் இருக்கும் புண்களுக்குக் கட்டுப் போடுகிறான், மேஜையில் தன் பக்கத்தில் உட்கார வைக்கிறான். துப்பாக்கி மூலையில் சாய்ந்திருக்கிறது. இப்போது அட்டையைப் பாருங்கள்: 1850-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அந்தச் சாப்பாட்டு மேஜை சட்டவிரோதமானது.

மனதைத் தொடும் பகுதி. ஆனால் அந்த மனிதர் அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் பெயர் நமக்குத் தெரியாது.

எழுபது வருஷம் கழித்து ஹியூஸ் ‘ஐ, டூ’ என்ற சின்னக் கவிதையில் அந்த மேஜைக்கே வருகிறார். 1926-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. விட்மன் அமெரிக்கா பாடுவதைக் கேட்கிறேன் என்று எழுதியதற்கு, நானும் அமெரிக்காவைப் பாடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். நான் கறுப்புச் சகோதரன், விருந்தாளி வந்தால் என்னைச் சமையலறைக்குச் சாப்பிட அனுப்புகிறார்கள், நான் சிரிக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், வலுவாக வளர்கிறேன். நாளை விருந்தாளி வரும்போது நான் மேஜையில் இருப்பேன். இந்த முறை யாரும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. பேசுவது அவரேதான்.

இனம் என்ற சொல்லே வராத துயரம்

எல்லாக் கவிதையிலும் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தால் எமிலி டிக்கின்சனிடம் தோற்றுப்போவோம். மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் வசதியான வெள்ளைக் குடும்பத்தில் பிறந்து, வாழ்க்கையின் பெரும்பகுதியை அப்பா வீட்டிலேயே கழித்தவர். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார், உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்து, பன்னிரண்டுக்குள். 1886-ல் அவர் இறந்த பிறகு தங்கை லவினியாதான் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார்.

‘ஆஃப்டர் கிரேட் பெய்ன்’ என்று தொடங்கும் கவிதையை எடுங்கள். பெரிய வலிக்குப் பிறகு ஒரு சம்பிரதாயமான உணர்வு வருகிறது என்கிறார். நரம்புகள் கல்லறைகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. இதயம் கேள்வி கேட்கிறது. கால்கள் இயந்திரம் போல் சுற்றி வருகின்றன. பிறகு ஈயத்தின் வேளை. பனியில் உறைகிறவர்களுக்கு நேர்வது போல முதலில் குளிர், பிறகு மயக்கம், பிறகு விட்டுவிடுவது. இந்தக் கவிதையில் ‘நான்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடையாது. நரம்பு, இதயம், கால் எல்லாம் இருக்கின்றன, அவற்றுக்குச் சொந்தக்காரர் மட்டும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவிதை புரியும்.

டிக்கின்சன் வாக்கியங்களுக்கு நடுவே போடும் கோடுகளில் நிறுத்தி மூச்சு விடுங்கள். ஆரம்பகாலப் பதிப்புகளில் அந்தக் கோடுகளையெல்லாம் எடுத்துச் சரிசெய்துவிட்டார்கள். அவர் எழுதியபடியே முழுத் தொகுப்பு வந்தது 1955-ல்தான். அதனால் கோடுகள் உள்ள பதிப்பாகப் பார்த்துப் படியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

‘நீக்ரோ’ என்ற சொல் ஹியூஸ், கல்லன் காலத்தில் அவர்களே மரியாதையோடு பயன்படுத்தியது. கவிதைத் தலைப்புகளில் வரும்போது அப்படியே படியுங்கள். நீங்கள் எழுதும்போது அந்தச் சொல் வேண்டாம், இன்று அது புண்படுத்தும். கல்லன் கவிதையில் வரும் வசைச்சொல் வேறு, அது எந்தக் காலத்திலும் வசைதான்.

அடுத்தது, இதையெல்லாம் படிக்கும்போது நமக்குச் சாதி ஞாபகம் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1946-ல் அம்பேத்கரே அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்கக் கறுப்பினர்களின் பிளாக் பேந்தர்ஸ் அமைப்பைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. ஆக ஒப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் முதல் வாசிப்பில் வேண்டாம் என்பேன். சமையலறைக்கு அனுப்பப்பட்டவரை உடனே நம் ஊர்த் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்த ஊரின் மேஜையும் அந்த ஊரின் சட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில் ஒப்பிடுங்கள், அப்போது வித்தியாசங்களும் சேர்ந்தே தெரியும்.

எந்த வரிசையில் படிக்கலாம்

வாரத்துக்கு இரண்டு கவிதை போதும். முதல் வாரம் கல்லனும் ‘மதர் டு சன்’னும். இரண்டாவது வாரம் ‘சாங் ஃபார் எ டார்க் கேர்ள்’, கூடவே ‘அமெரிக்கா’. மூன்றாவது வாரம் விட்மனின் அந்தப் பத்தாம் பகுதியும் ‘ஐ, டூ’வும், சேர்த்தே. நான்காவது வாரம் டிக்கின்சன், ப்ரூக்ஸ். அதற்குப் பிறகு பால் லாரன்ஸ் டன்பாரின் ‘வி வேர் தி மாஸ்க்’ பக்கம் போகலாம். அப்புறம் 1761-ல் சிறுமியாகக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 1773-ல் லண்டனில் புத்தகம் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லியிடம் போங்கள். வீட்லியின் ஆங்கிலம் பழையது, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

ஒவ்வொன்றையும் கையால் எழுதிப் பாருங்கள். முடிந்தால் தமிழாக்கிப் பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். எந்தச் சொல் தமிழுக்கு வர மறுக்கிறதோ அங்கேதான் கவிதை இருக்கிறது என்பது என் அனுபவம்.

நாங்கள் சனிக்கிழமைகளில் சேர்ந்து படிப்போம், ஆறேழு பேர். ஒரு நாள் ராபர்ட் ஹேடனின் ‘தோஸ் விண்டர் சண்டேஸ்’ கவிதையை எடுத்தோம். ஹேடன் டெட்ராய்டின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில், வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். 1962-ல் வந்த கவிதை, பதினான்கு வரி. ஞாயிற்றுக்கிழமையும் அப்பா சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று ஆரம்பிக்கிறது. அந்த ‘உம்’தான் வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் சொல்லிவிடுகிறது. வாரமெல்லாம் வெளியில் உழைத்து வெடித்த கையோடு, நீலக்கருமையான குளிரில் எழுந்து அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்குகிறார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. சூடேறிய பிறகு மகனைக் கூப்பிடுகிறார். அவன் அந்த வீட்டின் தீராத கோபங்களுக்குப் பயந்துகொண்டே மெல்ல எழுந்து, அப்பாவிடம் ஏனோதானோ என்று பேசுகிறான். அவர் அவனுடைய நல்ல ஷூவுக்குப் பாலிஷ்கூடப் போட்டு வைத்திருக்கிறார்.

“ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “சர்ச்சுக்குத்தான்” என்றார் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அக்கா. கவிதையில் சர்ச் என்ற சொல் இல்லை. ஷூ இருக்கிறது.

கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம். அன்பின் கடுமையான, தனிமையான ‘ஆஃபீசஸ்’ பற்றி எனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று இரண்டு தடவை கேட்டு முடிகிறது. ஆஃபீஸ் என்பதற்கு அங்கே அலுவலகம் என்று பொருள் இல்லை. கடமை என்ற பழைய பொருளும், தேவாலயத்தில் வேளை தவறாமல் செய்யும் வழிபாடு என்ற பொருளும் உண்டு. கடமை என்று போட்டுப் பார்த்தோம், வறண்டு இருந்தது. பணிவிடை என்று ஒருவர் சொன்னார், அதில் பணிவு கூடிப்போயிற்று. சேவை ஒட்டவே இல்லை. காகிதத்தில் நாலைந்து சொற்களை எழுதி அடித்துவிட்டோம். எல்லாரும் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வாசலில் நின்று சொன்னார்: “ஊழியம்னு போடுங்களேன்.”